கிணறு யார் பெயரில்

திருவனந்தபுரம் விமான நிலையத்தில் உலகம்மையின் குடும்பம் இரண்டு வரிசைகளாகப் பிரிந்தது. கணவர் நம்பிராஜனும் மகள் ஸ்ரீவித்யாவும் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரர்களுக்கான வரிசையில் போய் நின்றார்கள். உலகம்மை இந்தியர் வரிசையில் நின்றாள். அவளுடைய வரிசை சீக்கிரம் நகர்ந்துவிட்டது. அந்தப் பக்கம் போய் டிராலியைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது, கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி மகளிடம் எங்கே தங்கப் போகிறாய் என்று கேட்டுக்கொண்டிருந்தார். "தென்காசில, ஆச்சி வீட்ல" என்றாள் ஸ்ரீவித்யா. அவள் கையில் அயர்லாந்து பாஸ்போர்ட் இருந்தது.

டப்ளினில் இறங்கும்போது இதே காட்சி மாறி நடக்கும். அப்பாவும் மகளும் இயந்திரத்தில் பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டு வெளியே போய் உட்கார்ந்துவிடுவார்கள். உலகம்மை மற்ற நாட்டவர் வரிசையில் நின்று, வேலை பார்க்கும் இடத்தைச் சொல்லி, குடியிருப்பு அட்டையைக் காட்டி வெளியே வருவாள். அதற்காக அவள் வருத்தப்பட்டதில்லை. ஒரே வீட்டில் ஒரே சோற்றைத் தின்கிற மூன்று பேரை ஒரு கோடு இப்படிப் பிரிக்கிறதே, அந்தக் கோடு எங்கே தொடங்குகிறது என்று யோசித்துக்கொண்டே வருவாள்.

யோசிப்பதும் கேட்பதும் அவளுடைய பிறவிக் குணம். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, காசி விசுவநாதர் கோயில் கோபுரவாசலில் எந்நேரமும் காற்று அடிக்கிறதே, அது சரியாக எந்தப் படியில் ஆரம்பிக்கிறது என்று பார்க்க, கைக்குட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலில் முன்னும் பின்னும் நடந்தவள். பூக்கட்டுகிற பெண்கள் சிரித்தார்கள். "இவ கேக்கதுக்குப் பதில் சொல்லத் தனியா ஒரு ஆபீஸ் தெறக்கணும்" என்பார் அவளுடைய அப்பா. அவர் அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு இலத்தூரில் இருந்த ஒரு ஏக்கர் வயலே கதியாகக் கிடந்தார்.

உலகம்மை நர்சிங் படித்தாள். ரியாத்தில் ஒரு மருத்துவமனையில் சில வருடங்கள் வேலை பார்த்தாள். பிறகு அயர்லாந்தின் மேற்குக் கரையில், கடலைப் பார்த்தபடி இருக்கும் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. கணவரையும் கைக்குழந்தையாக இருந்த மகளையும் அழைத்துக்கொண்டாள். நம்பிராஜன் அங்கே டவுன் பஸ் ஓட்டுகிறார். "மாமனாரு டிக்கெட் கிழிச்சாரு, மருமகன் வண்டி ஓட்டுதேன்" என்று அவரே சொல்லிக்கொள்வார்.

ஐந்து வருடம் முடிந்ததும் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கத் தகுதி வந்தது. நம்பிராஜன் அதிகம் யோசிக்கவில்லை. சிவகிரியில் அவருக்கு இருந்த பங்கு வீடு அண்ணன் தம்பிகளுக்கு முன்பே போய்விட்டது. விண்ணப்பித்தார், கிடைத்தது, மகளுக்கும் வாங்கிவிட்டார். உலகம்மை மட்டும் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தாள். அதற்குள் ஒரு கோடை விடுமுறையில் மூவரும் ஸ்பெயினுக்குப் போகத் திட்டமிட்டு, அவளுக்கு மட்டும் விசா நேரத்துக்கு வராமல் பயணத்தையே கைவிட்டார்கள். மகள் நீச்சல் உடையை மடித்து அலமாரியில் வைத்துவிட்டுப் போனாள். அது உலகம்மைக்கு என்னவோபோல் இருந்தது.

தள்ளிப் போட்டதற்குக் காரணம் கேட்டால் நிலம் என்பாள். அப்பா இறப்பதற்கு முன் உயில் எழுதியிருந்தார். தென்காசி வீடும் இலத்தூர் வயலும் ஒரே மகளான உலகம்மைக்கு. மனைவி வடிவாம்பாள் உயிரோடு இருக்கும்வரை அனுபவித்துக்கொள்ளலாம். வயலைப் பல வருடமாகக் குத்தகைக்குப் பயிரிடுகிறவர் சேக் மைதீன், பக்கத்துத் தெருக்காரர். வயலுக்குக் குளத்துப் பாசனம்தான். குளம் வற்றுகிற மாதங்களில் பக்கத்துத் துண்டில் உள்ள கிணற்றிலிருந்து தண்ணீர் எடுத்துக்கொள்வது அப்பா காலத்து வாய்ப்பேச்சு. அந்தக் கிணற்றுக்காரர் இறந்த பிறகு, சென்னையில் இருந்த அவருடைய பிள்ளைகள் அதை விற்க வந்தார்கள். அந்தச் சமயம் விடுமுறையில் ஊரில் இருந்த உலகம்மை, கிணறும் ஒரு வேப்பமரமும் உள்ள அந்த முப்பது சென்ட்டைத் தன் சம்பாத்தியத்தில் வாங்கிப் போட்டாள். வாழ்க்கையில் அவள் தானாக வாங்கிய முதல் நிலம் அதுதான்.

இந்த முறை சாரல் காலத்தில் வந்ததற்குக் காரணம், குடியுரிமை மாறினால் இந்த நிலமெல்லாம் என்னவாகும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு ஒரு முடிவோடு திரும்புவது.

வந்த மறுநாளே தெருவில் சேதி பரவிவிட்டது. நிலத் தரகர் ஏசுவடியான் வீடு தேடி வந்தார். தாம்பாளத்தில் வைத்த காப்பியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார்.

"தங்கச்சி, கேள்விப்பட்டேன். அந்த ஊர்க் குடியுரிமை வாங்கப் போறியளாமே. நல்லது. ஆனா அதுக்கு முன்ன வயல முடிச்சிருங்க. வாங்கின பொறவுன்னா நெலம் போயிரும்."

"போயிரும்னா எங்க அண்ணாச்சி போவும்?"

"கவர்மெண்டுக்குத்தான்."

"யாரு வந்து எடுப்பாவ? தாசில்தார் வந்து வேலி போடுவாரா, இல்ல தபால்ல சொல்லுவாவளா?"

இந்தக் கேள்வியை அவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை.

"அதெல்லாம் வக்கீலுக்குத் தெரியும். ஊருல பேசிக்கிடுதத நான் சொல்லுதேன். குத்தாலத்துக்கு வாரவங்களுக்கு காட்டேஜ் கட்ட ஒரு பார்ட்டி எடம் பாத்துக்கிட்டு இருக்கு. வயலும் கெணறும் சேந்தா உடனே எடுப்பாவ."

"நெலம் அப்படிப் போன ஒரு ஆளு பேரு சொல்லுங்க. நான் நேர்ல போய்க் கேட்டுட்டு வாரேன்."

அவரால் பேர் சொல்ல முடியவில்லை. ஆனாலும் அவர் பொய் சொல்வதாக உலகம்மைக்குத் தோன்றவில்லை. அவர் உண்மையாகவே அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார். அதுதான் அவளுக்கு வியப்பாக இருந்தது. இவ்வளவு பேர் வெளிநாடு போகிற ஊரில் இது யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லையே.

மறுநாள் காலை அம்மாவையும் அழைத்துக்கொண்டு இலத்தூருக்குப் போனாள். மேற்கே மலை முழுக்க மேகம் இறங்கிக் கிடந்தது. தூறல் விழுவதும் நிற்பதுமாக இருந்தது. கார் பருவ நெல்லுக்கு நாற்று நட்டு முடித்திருந்தார்கள். சேக் மைதீன் வரப்பில் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"சேக்கண்ணே, நெலம் போயிரும்னு நீங்களும் கேள்விப்பட்டியளா?"

"கேள்விப்பட்டேன். ஒங்கிட்ட எப்படிக் கேக்கன்னுதான் இருந்தேன். வித்தா முன்னாடியே சொல்லிரு ஒலகம்மா. அடுத்த போகம் பிசானத்துக்கு வெத நெல்லு எடுத்து வைக்கணும்லா."

"விக்க வரல. தெரிஞ்சுக்கிட வந்தேன்."

அவர் தலையாட்டினார். பிறகு தன் மகன் அல்தாப்பைப் பற்றிப் பேசினார். அல்தாப் படித்த கையோடு சவுதியில் தம்மாமுக்குப் போனவன். இப்போது தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது.

"அவங்கிட்ட இதுவரைக்கும் எவனும் கேட்டதில்ல, எங்க ஊர்க்காரனா ஆயிருதியான்னு. கேக்கவும் மாட்டான். வேல முடிஞ்சா ஏறி வந்துர வேண்டியதுதான். ஒனக்குக் கேக்குதான் பாரு. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியல. நல்லாத்தான் இருக்கும்."

உலகம்மைக்கும் ரியாத் நினைவு வந்தது. அங்கே இருந்த வருடங்களில் இந்தக் கேள்வியே எழுந்ததில்லை. வாசல் மூடியிருந்தால் உள்ளே போவதா வேண்டாமா என்று யோசிக்க வேண்டியதில்லை. திறந்த வாசல்தான் ஆளை நிற்கவைக்கிறது.

வழக்கறிஞர் ஹம்னாவின் அலுவலகம் தென்காசியில் ஒரு செல்போன் கடைக்கு மேலே இருந்தது. முப்பது வயதுதான் இருக்கும். சொத்து வழக்குகளில் பொறுமையாகப் பதில் சொல்வார் என்று சேக் மைதீன்தான் அனுப்பிவைத்தார். வடிவாம்பாளும் கூட வந்தாள். படியேற மூச்சு வாங்கியது. என்றாலும் வீட்டில் இருக்கச் சம்மதிக்கவில்லை.

ஹம்னா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சுற்றி வளைக்காமல் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"அக்கா, நீங்க அந்த நாட்டுக் குடிமகள் ஆன அன்னைக்கே இந்தியக் குடியுரிமை தன்னால போயிரும். ரெண்டையும் வச்சுக்கிட நம்ம சட்டத்துல எடமில்ல. ஓசிஐ கார்டு வாங்கிக்கிடலாம். அது இருந்தா எப்ப வேணா வரலாம், எத்தன நாள் வேணா இருக்கலாம். ஓட்டுப் போட முடியாது. விவசாய நெலம் வாங்க முடியாது."

"இருக்கத?"

"அப்பா எழுதி வச்ச ஏக்கர் உங்களுக்கு வாரிசா வந்தது. அத வச்சுக்கிடலாம். யாரும் எடுக்க மாட்டாவ. விக்கணும்னா மட்டும், இங்கன குடியிருக்க இந்தியருக்குத்தான் விக்கணும். வீட்டப் பத்திக் கவலையே வேண்டாம்."

"ஏசுவடியான் அண்ணாச்சி சொன்னது?"

"வாங்க முடியாதுங்கது சரி. போயிரும்ங்கது தப்பு. பாதியும் பாதியும் சேந்து போச்சு."

உலகம்மை பையை எடுத்துக்கொண்டு எழுந்திருக்கலாம். ஆனால் அவளுக்கு இன்னொன்று கேட்கத் தோன்றியது.

"அப்ப கெணத்துத் துண்டும் அதே மாதிரிதான? அது நானே வாங்கினது. இப்பவே எம்பேர்லதான் இருக்கு. முன்னாடியே வாங்கியாச்சுல்லா."

"எப்ப வாங்கினிய?"

"ஆறேழு வருசம் இருக்கும். லீவுக்கு வந்தப்ப."

"அயர்லாந்துல இருந்து லீவுக்கு."

"ஆமா."

ஹம்னா மின்விசிறியைக் குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அக்கா, அதை நீங்க வாங்கியிருக்கக் கூடாது."

"அப்ப நான் இந்தியாக்காரி. இப்பவும் இந்தியாக்காரிதான். பாஸ்போர்ட் பையிலதான் இருக்கு, காட்டவா?"

"வேண்டாம்க்கா, தெரியும். பாஸ்போர்ட் ஒரு கணக்கு. இது வேற கணக்கு. அன்னியச் செலாவணிச் சட்டம் நீங்க எந்த நாட்டுக்காரின்னு மட்டும் பாக்காது. எங்க குடியிருக்கியன்னு பாக்கும். வெளிநாட்டுல குடியிருக்க இந்தியரும் விவசாய நெலம் வாங்கக் கூடாது. வீடு வாங்கலாம், மனை வாங்கலாம், வயல் வாங்கக் கூடாது. பத்திரத்துல தென்காசி விலாசம் போட்டிருப்பிய. யாரும் கேட்டிருக்க மாட்டாவ. நீங்களும் சொல்லியிருக்க மாட்டிய."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றாள் உலகம்மை. அதில் அவளுக்கே ஒரு சங்கடம். எல்லாரிடமும் எல்லாவற்றையும் கேட்கிறவள், அன்றைக்கு அதை மட்டும் கேட்காமல் விட்டிருக்கிறாள். நம் ஊரில் நாம் நிலம் வாங்குவதில் கேட்க என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டாள்.

பயம் வர வேண்டிய இடத்தில் அவளுக்கு ஆவல்தான் வந்தது.

"அப்ப நான் எந்த நாள்ல இருந்து வெளிய இருக்கேன்? அயர்லாந்துக்குப் போன நாளா?"

"அதுக்கும் முன்ன. வேலைக்குன்னு ரியாத்துக்கு விமானம் ஏறுனியல்லா, அன்னைக்கே."

உலகம்மை அந்த நாளை நினைத்துப் பார்த்தாள். நார்த்தங்காய் ஊறுகாய் பெட்டிக்குள் கசிந்துவிடுமோ என்பதுதான் அன்றைய கவலை. வெள்ளை யூனிபாரத்தின் மேல் எண்ணெய் பட்டுவிடக் கூடாதே என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனாள். பெரிய கோடு ஒன்றைத் தாண்டுகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. இத்தனை வருடமாக அந்தக் கோடு முன்னால் எங்கோ இருக்கிறது, தாண்டுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதுவோ எப்போதோ அவளுக்குப் பின்னால் போயிருந்தது.

"இப்ப என்ன செய்யணும்?"

"இங்கன குடியிருக்க இந்தியர் ஒருத்தர் பேருக்கு அதை மாத்தணும். ஆடிட்டரை வச்சு, தெரியாம வாங்கிட்டோம், இப்படிச் சரி பண்ணிட்டோம்னு ரிசர்வ் வங்கிக்கு நாமளே எழுதணும். அவிய போடுத அபராதத்தக் கட்டினா முடிஞ்சிரும். ஒளிச்சு வச்சாத்தான் தொல்லை. விக்கலாம். இல்லன்னா…" ஹம்னா வடிவாம்பாளைப் பார்த்தார். "ஆச்சி பேருக்குத் தானமா செட்டில்மென்ட் எழுதி வைக்கலாம். ஆச்சிக்குப் பொறவு அது வாரிசா உங்களுக்கு வந்தா, அப்ப நீங்க எந்த நாட்டுக் குடிமகளா இருந்தாலும் வச்சுக்கிடலாம்."

அதுவரை மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்த வடிவாம்பாள் வாயைத் திறந்தாள்.

"அப்ப நான் செத்தாத்தான் இவளுக்குக் கெணறா?"

ஹம்னா தடுமாறிப் போனார். "அப்படி இல்ல ஆச்சி, சட்டத்துல ஒரு வழி இருக்குன்னு…"

"நீ சொல்லுதது சரிதாம்மா. நான் கோவப்படல. கேக்கேன்." வடிவாம்பாள் பையை மேசைமேல் வைத்தாள். "எம்பேருக்கு வருதுன்னா பட்டாவும் எம்பேருக்கு வருமா?"

"வரும் ஆச்சி."

"கரண்டு சர்வீசு?"

"அதையும் மாத்திக்கிடலாம்."

"யாருக்குத் தண்ணி விடணும், யாருக்கு விடக் கூடாதுன்னு நான் சொல்லலாமா?"

"நீங்கதான் சொல்லணும். உங்க கெணறு."

வடிவாம்பாள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் முகத்தில் அப்படியொரு களையை உலகம்மை பார்த்து நாளாகிவிட்டது. எழுபத்தொரு வயதில் அவள் பேரில் ஒரு சென்ட் நிலம் இருந்ததில்லை. பிறந்த வீட்டுச் சொத்து அண்ணன்மாருக்குப் போனது. புருஷன் சம்பாதித்தது மகளுக்குப் போனது. அவளுக்கு அனுபவிக்கும் உரிமை மட்டும் கிடைத்தது. அதைப் பற்றி அவள் குறைப்பட்டதும் இல்லை, அவளிடம் யாரும் கேட்டதும் இல்லை. இவ்வளவு கேள்வி கேட்கும் மகளும் கேட்டதில்லை.

அந்த வாரத்திலேயே ஒரு நாள் குற்றாலத்துக்குப் போனார்கள். ஐந்தருவியில் தண்ணீர் அளவாக விழுந்தது. பெண்கள் பக்கம் கூட்டம். வடிவாம்பாளும் பேத்தியும் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். குளித்து முடித்துத் தலையைத் துவட்டிக்கொண்டு உலகம்மை வெளியே வந்தபோது, நம்பிராஜன் மங்குஸ்தான் பழம் வாங்கிக்கொண்டு காருக்குப் பக்கத்தில் நின்றார்.

"உலகு, இப்ப நெலம் ஒரு காரணம் இல்லன்னு ஆயிட்டுல்லா."

"ஆமா."

"பொறவு என்ன?"

அவள் பழத்தை அமுக்கி உடைத்து உள்ளே எத்தனை சுளை இருக்கிறது என்று பார்த்தாள். நிலம்தான் வழியை மறிக்கிறது என்று இதுவரை சொல்லிக்கொண்டிருந்தாள். அது ஒதுங்கிக்கொண்டது. கேள்வி மட்டும் நின்ற இடத்தில் நின்றது. எனக்கு வேண்டுமா, வேண்டாமா.

"ஓட்டப் பத்தி யோசிச்சேன்" என்றாள்.

அயர்லாந்தில் தேர்தல் வந்தால் வேட்பாளர்கள் மழையில் நனைந்துகொண்டு வீடு வீடாக வருவார்கள். கதவைத் திறக்கிறவளிடம் பேச்சை ஆரம்பித்து, பாராளுமன்றத்துக்கு அவளுக்கு ஓட்டில்லை என்று தெரிந்ததும், மரியாதையாகச் சிரித்துவிட்டு, கணவர் இருக்கிறாரா என்பார்கள். முதியோர் இல்லங்களுக்கு ஆள் போதவில்லை, ஒரு ஷிப்டில் எத்தனை பேரைத் தூக்கி உட்காரவைக்க வேண்டியிருக்கிறது என்று அவளுக்குத்தான் தெரியும். பேசுவதோ நம்பிராஜனிடம். ஊரிலும் அவள் ஓட்டுப் போட்டு நாளாகிவிட்டது. ஒருமுறை விடுமுறையும் தேர்தலும் ஒன்றாக வந்தது. பட்டியலில் பேரும் இருந்தது. போட்டுவிட்டுத் திரும்பிப் போனபோது, விரல் மையைப் பார்த்து இல்லத்துக் கிழவர்கள் ஒவ்வொருவராகக் கையைப் பிடித்துக் கேட்டார்கள். அடிபட்டுவிட்டதா என்று கேட்டவரும் உண்டு. நகம் வளர்ந்து அந்தக் கறை மேலே ஏறிப் போகும்வரை அவள் அதை அடிக்கடி பார்த்துக்கொண்டாள்.

"நம்ம ஊர் ஓட்டு போயிரும்லா. அதத்தான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டு வந்த வடிவாம்பாள் காதில் இது விழுந்தது.

"நீ இங்க எங்கட்டி வந்து ஓட்டுப் போடுத? வருசமெல்லாம் இருக்க எடத்துல போடு. இங்க நான் போடுதேன்."

அவள் அதைப் பெரிய விஷயமாகச் சொல்லவில்லை. காருக்குள் ஏறி, ஹீட்டரைப் போடச் சொன்னாள். நம்பிராஜன் தன் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டார். வீடு வந்து சேர்வதற்குள் உலகம்மையின் மனதில் முடிவாகிவிட்டது. அதில் சந்தோஷமும் இருந்தது, எதையோ விட்டுவிடுகிற வருத்தமும் இருந்தது. இரண்டும் சேர்ந்து வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

விடுமுறை முடிவதற்குள் செட்டில்மென்ட் பத்திரம் பதிவானது. பதிவு அலுவலகத்தில் புகைப்படம் எடுக்கும்போது வடிவாம்பாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தலைமுடியை ஒதுக்கி, நேராகப் பார்த்தாள். சம்மதமா என்று கேட்டதற்கு, "சம்மதம். வேப்பமரமும் சேத்துத்தான?" என்றாள். சேத்துத்தான் என்று சொன்ன பிறகே விரலை வைத்தாள். ஏசுவடியானும் அன்று அங்கே வேறு வேலையாக வந்திருந்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, "வாரிசுன்னா வச்சுக்கிடலாமா? இது எனக்குத் தெரியாம போச்சே" என்று சொல்லி, ஹம்னாவின் நம்பரை வாங்கிக்கொண்டார். அப்போதுதான் அவர் வாய் தவறிச் சொன்னார், அவருடைய மருமகன் எபனேசர் ஆஸ்திரேலியாவில் இருப்பதையும், அவனுக்கு வாசுதேவநல்லூரில் தோப்பு இருப்பதையும். அதை விற்றுவிடச் சொல்லி ஒரு வருடமாக அவனை நச்சரித்துக்கொண்டிருந்தாராம்.

அயர்லாந்து திரும்பிய உலகம்மை குடியுரிமைக்கு விண்ணப்பித்தாள். ரிசர்வ் வங்கிக்கு ஆடிட்டர் அனுப்பியதற்கும் சில மாதம் கழித்துப் பதில் வந்தது. விதித்ததைக் கட்டினாள். அந்தக் கதை முடிந்தது.

ஒரு வருடத்துக்குப் பிறகு குடியுரிமைக்கான விழாவுக்கு அழைத்தார்கள். பெரிய மண்டபம். எத்தனையோ நாட்டுக்காரர்கள், அவரவர் நல்ல உடையில். உலகம்மை அரக்குப் பட்டு கட்டிக்கொண்டு போனாள். நீதிபதி ஒருவர் சொல்லச் சொல்ல எல்லோரும் உறுதிமொழியைத் திருப்பிச் சொன்னார்கள். எந்தச் சொல்லை உச்சரிக்கும்போது தான் மாறுகிறோம் என்று கவனிக்க வேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டு போயிருந்தாள். ஆனால் பக்கத்தில் நின்ற பிரேசில் பெண் ஒருத்தி அழ ஆரம்பித்துவிட்டாள். அவளுக்குக் கைக்குட்டை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்ததில் அந்தச் சொல் எது என்று தெரியாமலே போய்விட்டது.

இந்திய பாஸ்போர்ட்டைத் தூதரகத்தில் ஒப்படைத்தபோது, ரத்து முத்திரை குத்தி, மூலையை வெட்டித் திருப்பிக் கொடுத்தார்கள். அவள் அதைத் துணிகளுக்கு இடையில் வைத்தாள். அன்று சமைக்கப் பிடிக்கவில்லை. நம்பிராஜன் உப்புமா கிண்டினார். மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போனாள். அடுத்த தேர்தலில் வீட்டுக் கதவைத் தட்டிய வேட்பாளரை உள்ளே அழைத்து உட்காரவைத்து, அவர் தேநீர் ஆறிப்போகும்வரை முதியோர் இல்லத்து வேலைநேரம் பற்றிக் கேட்டாள். அவர் எதற்குமே சரியாகப் பதில் சொல்லவில்லை என்றாள் ஸ்ரீவித்யா. கேட்டதற்கே அம்மாவுக்குத் திருப்தி என்றும் சொன்னாள்.

இங்கே இலத்தூரில் வேறொன்று நடந்தது. வடிவாம்பாள் வாரம் தவறாமல் பஸ் ஏறிக் கிணற்றைப் பார்க்கப் போனாள். சுற்றுச்சுவரைப் பூசினாள். வேப்பமரத்தில் தாழ்ந்த கிளைகளை வெட்டினாள். கிணற்றுக்குக் கிழக்கே சேக் மைதீனுக்குச் சொந்தமாக ஒரு சிறு துண்டு உண்டு. தண்ணீர் இல்லாமல் தரிசாகக் கிடந்தது. அதற்கும் ஒரு குழாய் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டாள். அங்கே அவர் மனைவி ஜாஹிரா பீவி கத்தரியும் வெண்டையும் போட்டிருக்கிறாள் என்று செல்போனில் படம் வந்தபோதுதான் உலகம்மைக்குத் தெரிந்தது.

"எம்மா, நல்ல காரியந்தான். ஆனா எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா."

"ஏன் கேக்கணும்? கெணறு யார் பேர்ல இருக்கு?"

யோசித்துப் பார்த்தால் கேட்க வேண்டியதில்லைதான்.

"சரி, உயில் எதுவும் எழுதினியா?"

"எழுதல. எழுதாட்டாலும் உனக்குத்தான் வரும்னு அந்தப் புள்ள ஹம்னா சொல்லிட்டா. பொறவு எதுக்குக் காயிதத்த வீணாக்கணும்?" வடிவாம்பாள் பேச்சை மாற்றினாள். "ஏட்டி, உங்க ஊர்ல கெணறு உண்டா?"

"உண்டும்மா. எங்க வீட்டுக்குக் கொஞ்ச தூரத்துலயே ஒண்ணு இருக்கு. பழைய கெணறு. சாமி கெணறுங்காவ. பக்கத்துல ஒரு மரம். அதுல துணியக் கிழிச்சுக் கட்டுவாவ, நோய் தீரணும்னு."

"அங்கயுமா?"

"ஆமா. வெள்ளக்காரங்கதான் கட்டுதாவ."

"ஆழம் எவ்வளவு இருக்கும்?"

"பாத்ததில்லயேம்மா."

"இத்தன வருசம் இருக்க, எட்டிப் பாக்கலியா?" வடிவாம்பாளுக்கு நம்ப முடியவில்லை. "நான் வந்தா காட்டுவியா?"

அதற்கு முன் அவள் ஒருமுறைகூட அங்கே வருவதாகச் சொன்னதில்லை. குளிர் என்பாள், முழங்கால் என்பாள். இந்த முறை மறுவாரமே சேக் மைதீனின் மருமகள் சஃப்ரினைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, திருநெல்வேலிக்குப் போய்ப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். சொத்து இருக்கிறதா என்று அங்கே யாரும் கேட்கவில்லையாம். கேட்டால் சொல்லலாம் என்று பட்டா நகலைப் பையில் வைத்திருந்தாளாம். போலீஸ் விசாரணைக்கு வந்த ஏட்டையாவிடம் அதைக் காட்டிவிட்டுத்தான் விட்டாள்.

பாஸ்போர்ட் ஐப்பசியில் வந்தது. விசாவுக்கு எழுதிப் போட்டிருக்கிறார்கள். கிடைத்தாலும் பங்குனியில் பிசான நெல் அறுவடை முடிந்த பிறகுதான் கிளம்ப முடியும் என்று வடிவாம்பாள் சொல்லியிருக்கிறாள்.